கணக்குக்குக் காசு கேட்டால் ‘பாட்’ தொல்லை ஒழியுமா? 50 பைசா எஸ்எம்எஸ் விதி சொல்லும் பாடம்

2023 அக்டோபர் 17 அன்று எக்ஸ் தளம் ஒரு சோதனையை அறிவித்தது. நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள் பதிவுகளைப் படிக்கலாம், வீடியோ பார்க்கலாம், பிடித்தவர்களைப் பின்தொடரலாம். ஆனால், பதிவு போடவோ, பதில் எழுதவோ, லைக் போடவோ வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒரு டாலர் கட்ட வேண்டும். நியூசிலாந்தில் 1.43 நியூசிலாந்து டாலர், பிலிப்பைன்ஸில் 42.51 பெசோ. திட்டத்துக்கு வைத்த பெயர், ‘நான் பாட் அல்ல’. இது லாபத்துக்காக அல்ல, போலிக் கணக்குகளையும் ஸ்பேம் தொல்லையையும் குறைப்பதற்காகத்தான் என்றது நிறுவனம்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதன் உரிமையாளர் ஈலோன் மஸ்க் இன்னும் ஒரு படி மேலே போனார். புதிய பயனர்களிடம் சிறு கட்டணம் வாங்குவதைத் தவிர பாட்களின் படையெடுப்பைத் தடுக்க வேறு வழியே இல்லை என்று எழுதினார். ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று கேட்கும் சோதனைகளை எல்லாம் இன்றைய செயற்கை நுண்ணறிவு சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தியாவில் அந்தக் கட்டணம் வரவில்லை. ஆனால், ‘தொல்லை கொடுப்பவனிடம் காசு கேள், தானாக அடங்குவான்’ என்ற யோசனை நமக்குப் புதுசு இல்லை. எக்ஸ் அறிவிப்புக்கு ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா அதைச் சட்டமாக்கி, ஏழரை ஆண்டுகள் நடத்தியும் பார்த்துவிட்டது. அதன் பெயர் 50 பைசா விதி.

‘பாட்’ என்பது என்ன? அதற்கும் இலவசத்துக்கும் என்ன தொடர்பு?

மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்யாமல், மென்பொருளே இயக்கும் கணக்குதான் பாட். எல்லா பாட்டும் கெட்டது அல்ல. மழை எச்சரிக்கை, நிலநடுக்கத் தகவல், ரயில் தாமதம் போன்றவற்றைத் தானாகப் பதிவிடும் கணக்குகளும் பாட்கள்தான். தொல்லை தருபவை வேறு வகை. ஒரே பொய்யை ஆயிரம் பேர் சொல்வதுபோலக் காட்டுவது, முதலீட்டு மோசடிக்கு ஆள் பிடிப்பது, பிரபலங்களின் பெயரில் பணம் கேட்பது, ஒரு கட்சிக்கோ படத்துக்கோ செயற்கையாக டிரெண்டிங் உருவாக்குவது போன்ற வேலைகளுக்கு அவை வாடகைக்கு விடப்படுகின்றன.

இவை பெருகுவதற்கு அடிப்படைக் காரணம் விலை. ஒரு கணக்குத் தொடங்கச் செலவு பூஜ்யம். ஒரு பதிவு போடச் செலவு பூஜ்யம். ஒரு கணக்கை நிறுவனம் முடக்கினால் இன்னொன்றைத் தொடங்கவும் செலவு ஏறக்குறைய பூஜ்யம்தான். ஆயிரம் பேரைத் தொந்தரவு செய்தாலும் பத்து லட்சம் பேரைத் தொந்தரவு செய்தாலும் அனுப்புபவரின் கையைக் கடிக்காது. நேரத்தையும் பணத்தையும் இழப்பது பெறுபவர்தான்.

35 கோடி மின்னஞ்சல், 28 வாடிக்கையாளர்

ஸ்பேம் தொழிலில் எவ்வளவு காசு புரள்கிறது என்பதை 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு ஸ்பேம் வலைப்பின்னலுக்குள்ளேயே புகுந்து, மருந்து விற்பதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். 26 நாட்களில் ஏறக்குறைய 35 கோடி மின்னஞ்சல்கள் போயின. வாங்கும் கட்டம் வரை வந்தவர்கள் 28 பேர். அந்த விற்பனை முழுமையடைந்திருந்தால் கிடைத்திருக்கும் தொகை சுமார் 2,700 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு பைசா கட்டணம் என்று வைத்திருந்தால்? 35 கோடி பைசா என்பது 35 லட்சம் ரூபாய். ஒன்றேகால் லட்சம் சம்பாதிக்க 35 லட்சம் செலவழிக்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். கடை அன்றைக்கே மூடப்பட்டிருக்கும். ஒரு நாளைக்கு பத்து மின்னஞ்சல் அனுப்பும் சாதாரண மனிதருக்கோ அதே கட்டணம் பத்து பைசாதான். ‘போனா போகுது’ என்று விட்டுவிடுவார்.

சிறு கட்டணத்தின் முழு வலிமையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கொஞ்சமாகப் பயன்படுத்துபவரை உறுத்தாமல், கோடிக் கணக்கில் அனுப்புபவரை மட்டும் அது நசுக்கிவிடும்.

தபால்தலை சொல்லிக்கொடுத்தது

1840இல் பிரிட்டனில் தபால்தலை வருவதற்கு முன், பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்டணம் செலுத்தினார். அனுப்புபவர் முன்கூட்டியே காசு கட்ட வேண்டும் என்று முறை மாறியது. இந்தியா முழுமைக்குமான தபால்தலைகள் 1854இல் வந்தபோது அரை அணாவுக்குக் கடிதம் போனது. அனுப்புகிறவர்தான் செலவு செய்ய வேண்டும் என்பதால் அஞ்சல் பெட்டி குப்பைத் தொட்டியாக மாறவில்லை.

மின்னஞ்சல் வந்ததும் இந்த ஒழுங்கு தலைகீழானது. அதை மீட்கும் யோசனைகளும் அப்போதே தொடங்கின. 1992இல் சிந்தியா ட்வோர்க், மோனி நவோர் என்ற இரு கணினி அறிஞர்கள், அனுப்புபவரின் கணினி ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு கடினமான கணக்கைப் போட்டு முடிக்க வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். காசுக்குப் பதிலாகக் கணினி நேரம். 1997இல் ஆடம் பேக் என்பவர் அதே பாணியில் ‘ஹேஷ்கேஷ்’ என்ற முறையை உருவாக்கினார். மின்னஞ்சலில் அது பரவலாகப் பிடிக்கவில்லை. ஆனால், அந்த உத்தியைப் பின்னாளில் பிட்காயின் எடுத்துக்கொண்டது.

இந்தியாவின் 50 பைசா விதி

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் செல்போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டு மனை, தனிநபர் கடன், எடை குறைப்பு, ஜோதிடம் என்று எஸ்எம்எஸ் மழையாகக் கொட்டும். ‘பேக்’ போட்டால் நூற்றுக் கணக்கில் எஸ்எம்எஸ் கிட்டத்தட்ட இலவசம் என்பதே அதற்குக் காரணம்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2007இல் ‘தொந்தரவு செய்யாதீர்’ பதிவேட்டைக் கொண்டுவந்தது. அது போதவில்லை. 2011 செப்டம்பர் 27 முதல் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்களுக்குத் தவறுக்குத் தவறு 25,000 ரூபாயில் தொடங்கி 2.5 லட்சம் ரூபாய் வரை அபராதம். சாதாரண சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்றும் உச்சவரம்பு வந்தது. அந்த நவம்பரிலேயே அது 200 ஆக உயர்த்தப்பட்டது.

உச்சவரம்பு நீதிமன்றத்துக்குப் போனது. தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்புபவருக்கு எண்ணிக்கை வரம்பு வைப்பது கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று கூறி, 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த 200 வரம்பைத் தனிநபர் செய்திகளைப் பொறுத்தவரை ரத்து செய்தது.

அதற்கு அடுத்த மாதமே கட்டற்ற எஸ்எம்எஸ்ஸின் இன்னொரு முகம் தெரிந்தது. வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி பரவ, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட நகரங்களிலிருந்து ஆயிரக் கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். 2012 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு மொத்த எஸ்எம்எஸ்களுக்கு 15 நாள் தடை விதித்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாத நிலை ஏற்பட்டது.

தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியே விட்டாலோ தொல்லை தாங்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ட்ராய் கண்டுபிடித்த பாதைதான் கட்டணம். 2012 நவம்பரில் வந்த உத்தரவின்படி, எந்த சலுகை பேக் போட்டிருந்தாலும் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் போகும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா கட்ட வேண்டும். அனுப்பாதே என்று யாரும் சொல்லவில்லை. ‘தாராளமா அனுப்பு, ஆனா காசு கொடு’ என்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் 100 எஸ்எம்எஸ்ஸை விதி தொடவே இல்லை என்பது. பொங்கல் வாழ்த்தும், ‘பஸ் ஏறிட்டேன்’ என்ற தகவலும் பழைய விலையிலேயே போயின.

பிறகு என்ன ஆனது?

தொல்லை ஒரேயடியாக ஒழியவில்லை. வழிகளை மாற்றிக்கொண்டது.

முதல் ஓட்டை, சிம் எண்ணிக்கை. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் தன் பெயரில் ஒன்பது சிம் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு சிம்முக்கு 100 என்றால், ஒன்பது சிம்முக்கு ஒரு நாளைக்கு 900 எஸ்எம்எஸ் அபராதக் கட்டணம் இல்லாமலேயே போய்விடும். அடுத்தவர் அடையாள அட்டையில் வாங்கிய சிம்களையும் சேர்த்தால் வரம்பே இல்லை. கட்டணத்தைவிட சிம் மலிவாக இருந்தால், கட்டண வேலிக்குள் புகப் புது சிம்மே கதவாகிவிடுகிறது.

இரண்டாவது, ஊடகமே மாறியது. ஸ்மார்ட்போன் பரவியதும் விளம்பரமும் வதந்தியும் மோசடியும் எஸ்எம்எஸ்ஸை விட்டு வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் நகர்ந்தன. அங்கே 50 பைசா விதி செல்லாது. 2021இல் புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வாட்ஸ்அப் வெளியிட்ட முதல் அறிக்கையே நிலைமையைச் சொன்னது. மே 15 முதல் ஜூன் 15 வரையிலான ஒரே மாதத்தில் இந்தியாவில் 20 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டன. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல், தானியங்கி முறையிலோ மொத்தமாகவோ செய்தி அனுப்பிய கணக்குகள்.

கடைசியில் 2020 ஜூன் மாதம் ட்ராயே 50 பைசா விதியை நீக்கியது. 2018இல் கொண்டுவந்த புதிய விதிமுறைகளின்படி, தொழில்நுட்பமே வடிகட்டும் வேலையைச் செய்யும் என்பது அதற்குச் சொன்ன காரணம். வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னையும், தன் பெயர்க் குறியீட்டையும், செய்தியின் மாதிரி வடிவத்தையும் முன்கூட்டியே பிளாக்செயின் பதிவேட்டில் பதிய வேண்டும். பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்த வடிகட்டலைத் தொடங்கியபோது வங்கி ஓடிபிகளும் சேர்ந்து நின்றுபோக, ஒரு வாரத்துக்கு அதை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

விலையிலிருந்து அடையாளத்துக்கு நகர்ந்தது இந்தியா. ‘எவ்வளவு அனுப்புகிறாய்’ என்ற கேள்வி போய், ‘நீ யார்’ என்ற கேள்வி வந்தது. அதற்குப் பிறகும், 2024 ஆகஸ்ட் 13 அன்று ட்ராய் பிறப்பித்த உத்தரவை அடுத்து, மூன்று வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டிக்க வேண்டியிருந்தது. வடிகட்டிக்கு வெளியிலும் ஸ்பேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செய்திக்கு விலையா, கணக்குக்கு விலையா?

எக்ஸ் கேட்ட ஒரு டாலருக்கும் ட்ராய் கேட்ட 50 பைசாவுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ட்ராய் செய்திக்கு விலை வைத்தது. எக்ஸ் கணக்குக்கு விலை வைத்தது.

ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட் கணக்கு நாளைக்கு ஆயிரம் பதில்களைப் போடுகிறது. அதை எக்ஸ் ஒரே நாளில் கண்டுபிடித்து முடக்கிவிட்டால், ஒரு பதிலுக்கு ஒன்பது பைசா செலவாகியிருக்கும். மேலே பார்த்த மின்னஞ்சல் தொழிலுக்கு ஒரு பைசாவே அதிகம். ஒன்பது பைசாவைப் பல மோசடிகளால் தாங்க முடியாது. ஆனால், அதே கணக்கு கண்ணில் படாமல் ஓராண்டு ஓடினால்? 3,65,000 பதில்கள். செலவு அதே 90 ரூபாய். ஒரு பைசாவுக்கு 40 பதில்!

ஆக, கணக்குக் கட்டணத்துக்கென்று தனியாக வலிமை எதுவும் கிடையாது. நிறுவனம் எவ்வளவு சீக்கிரம் போலியைப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் அதன் வலிமை. காவலாளி விழித்திருந்தால் நுழைவுச்சீட்டு பயன்படும். தூங்கினால், ஒரு முறை சீட்டு வாங்கியவன் ஆண்டு முழுக்க உள்ளே சுற்றலாம்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். சில்லறை மோசடிக்காரருக்கு ஒரு கணக்கால் கிடைக்கும் வருமானம் சில ரூபாய்தான்; அவரை 90 ரூபாய் தடுக்கும். ஆனால், ஒரு முதலீட்டு மோசடியில் ஒரே ஆளிடம் லட்சக் கணக்கில் கறப்பவருக்கு 90 ரூபாய் டீச் செலவு. தேர்தல் நேரத்தில் ஆயிரம் கணக்குகளை இயக்க நினைக்கும் ஓர் அமைப்புக்கு ஆகும் செலவு 90,000 ரூபாய். அது ஒரு பொதுக்கூட்ட மேடைச் செலவுக்குக்கூட வராது. அதாவது, ஆபத்து குறைந்தவர்களைக் கட்டணம் நன்றாகத் தடுக்கிறது. ஆபத்து மிகுந்தவர்களைக் கொஞ்சம்தான் தடுக்கிறது.

காசு கட்டிய பொய்

கட்டணம் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கும். காசு கட்டியவர் நம்பகமானவர் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது.

2022 நவம்பரில், அப்போது ட்விட்டர் என்று அழைக்கப்பட்ட அதே தளம், மாதம் எட்டு டாலர் கட்டினால் யாருக்கும் நீலக் குறியீடு என்று அறிவித்தது. சில நாட்களிலேயே, அமெரிக்க மருந்து நிறுவனமான இலை லில்லியின் பெயரில் யாரோ ஒரு கணக்கைத் தொடங்கி, எட்டு டாலர் கட்டி நீலக் குறியீடும் வாங்கி, ‘இனி இன்சுலின் இலவசம்’ என்று பதிவிட்டார். உண்மையான நிறுவனம், போலிக் கணக்கின் தவறான தகவலுக்காக மன்னிப்புக் கேட்டு விளக்கம் தர வேண்டியிருந்தது. கட்டணம் வாங்கப்பட்டது, ஆனால், காசு கட்டியவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. நீலக் குறியீடு பயனர்களை ஏமாற்றும் வகையில் இருக்கிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் எக்ஸ் நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இந்தியாவில் வாட்ஸ்அப்பும் வணிக நிறுவனங்களிடம் விளம்பரச் செய்திகளுக்குக் கட்டணம் வாங்குகிறது. அதனால் விளம்பரம் நின்றுவிட்டதா? அனுப்புபவருக்கு லாபம் தரும் வரை, அந்தக் கட்டணம் தொழில் செலவாகிவிடுகிறது. வாங்குபவருக்கோ அது வருமானம். தொல்லையைக் குறைக்க வேண்டிய நிறுவனத்துக்கே தொல்லையிலிருந்து காசு வரத் தொடங்கினால், வேலி போட்டவரே வாசலையும் அகலமாகத் திறந்துவைக்க ஆசைப்படலாம்.

அரியூர் நாட்டிலிருந்து பார்த்தால்

‘வருஷத்துக்கு 90 ரூபாய்தானே, இதெல்லாம் ஒரு காசா?’ என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். அதே கேள்வியைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் விடை கொஞ்சம் மாறும்.

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டிய மலை அது. அதன் 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்றே முடியும். அவற்றில் ஒன்று அரியூர் நாடு. மலையாளி பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. மிளகு, காபி, அன்னாசி, பலா, வாழை, சிறுதானியங்கள் விளைகின்றன. மலையில் விளைவதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் விவசாயி அன்றைய விலையைப் பெரும்பாலும் வியாபாரி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சமவெளியில் என்ன விலை போகிறது என்று போனில் பார்ப்பதும், ‘மலை மிளகு இருக்கு, வேணும்னா சொல்லுங்க’ என்று நேரடியாகப் பதிவிடுவதும் இத்தகைய ஊர்களுக்குச் சமூக ஊடகம் திறந்துவிட்ட வழி.

அந்த ஊரிலிருந்து ஒருவர் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-26இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 336 ரூபாய். ஒரு தளத்துக்கு 90 ரூபாய் என்பது அதில் கால் பங்குக்கு மேல். ஒரு தளம் ஆரம்பித்தால் மற்றவை சும்மா இருக்காது. ஐந்து தளங்கள் கேட்டால் 450 ரூபாய். ஒரு நாள் கூலி போதாது.

தொகையைவிடப் பெரிய தடை, கட்டும் முறை. வாட்ஸ்அப் ஒரு காலத்தில் முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் கேட்டது. 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டபோது அந்நிறுவனம் சொன்ன காரணம், பல பயனர்களிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை என்பதும், நண்பர்கள், குடும்பத்தினரோடு பேசும் வசதி போய்விடுமோ என்று அவர்கள் பயந்தார்கள் என்பதும்தான். இன்றைக்கு யுபிஐ வந்து அந்தச் சிக்கல் நிறையக் குறைந்திருக்கிறது. ஆனாலும், வீட்டில் ஒரே போன், அதுவும் மகன் பெயரில் சிம், வங்கிக் கணக்கோ வேறு எண்ணில் என்று இருக்கும் அம்மாக்களுக்கு ‘90 ரூபாய் கட்டு’ என்பது 90 ரூபாய் பிரச்சினை அல்ல. இன்னொருவரிடம் கேட்டுக் கட்ட வேண்டிய பிரச்சினை.

மூன்றாவதாக ஒன்று, பலரும் கவனிக்காதது. எக்ஸ் கட்டணம் கேட்டது புதிய கணக்குகளிடம் மட்டும். 2010இலேயே கணக்குத் தொடங்கிய நகரவாசிக்கு அது கிடையாது. இணையத்துக்குக் கடைசியாக வந்து சேர்பவர்கள் யார்? மலைக் கிராமத்தவர்கள், முதியவர்கள், முதன்முதலாகச் சொந்தப் போன் வாங்கும் பெண்கள். ‘புதியவர் கட்டணம்’ என்பது நடைமுறையில் ‘தாமதமாக வந்தவர் கட்டணம்’ ஆகிவிடுகிறது.

கடைசியாக, பணம் கட்டுவது என்றாலே அடையாளத்தைக் கொடுப்பதுதான். யுபிஐ வங்கிக் கணக்கோடும், வங்கிக் கணக்கு ஆதாரோடும் செல்போன் எண்ணோடும் இணைந்திருக்கிறது. ரேஷன் கடை முறைகேட்டையோ, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் அத்துமீறலையோ பெயர் சொல்லாமல் வெளியே கொண்டுவர நினைக்கும் ஒருவருக்கு, அந்தச் சங்கிலி பயத்தைத் தரும். மோசடிக்காரர்களோ வாடகைக்குக் கிடைக்கும் அடுத்தவர் வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவார்கள். நேர்மையானவர் மட்டும் அடையாளத்தோடு நிற்கும் நிலை வரும்.

அதற்காக ‘இலவசமாகவே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடவும் முடியாது. இலவசத்துக்கும் மலை மக்கள் விலை கொடுக்கிறார்கள். சார் தாம் யாத்திரைக்குச் செல்பவர்களைக் குறிவைத்து, போலி இணையதளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் தங்கும் விடுதி, ஹெலிகாப்டர் முன்பதிவு என்று சொல்லிப் பணம் பறிப்பதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கும், ஆகாய கங்கை அருவிக்கும் கூட்டம் வரும் கொல்லிமலைக்கும் அந்த உத்தி அப்படியே பொருந்தும். வெளியூர்க்காரர் ஒருவர் போலி விடுதிப் பக்கத்தில் முன்பணம் கட்டி ஏமாந்தால், அடுத்த முறை உண்மையான உள்ளூர் விடுதிக்காரரையும் நம்ப மாட்டார்.

காசு கேட்காத வேலி

2018 மே மாதம் தமிழ்நாட்டில் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்திருந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் செய்திகளைப் பரப்பியவை பாட்கள் அல்ல. ஒரு விரல் தட்டலில், செலவே இல்லாமல், பயத்தில் பகிர்ந்தவர்கள் சாதாரண மனிதர்கள்தான்.

நாடு முழுவதும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2019 ஜனவரியில் அதையே உலகம் முழுவதும் கொண்டுவந்தது. பலமுறை ஃபார்வேர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது.

இதுவும் ஒரு வகையில் கட்டணம்தான். ஆனால், பணமாக அல்ல, சிரமமாக. ஐந்து பேருக்கு அனுப்புபவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. ஐநூறு பேருக்கு அனுப்ப நினைப்பவர் நூறு முறை தட்ட வேண்டும். 50 பைசா விதியின் அடிப்படைத் தத்துவமும் இதுவேதான். ஏழைக்கும் பணக்காரருக்கும் விரல் ஒரே விலை என்பது இதன் கூடுதல் நன்மை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

இந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, நுழையும்போது கட்டணம் வாங்குவதைவிட, அளவு மீறும்போது வாங்குவது நியாயமானது. ஒரு நாளைக்கு 20 பதிவுகள், 50 பதில்கள் வரை யாருக்கும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு என்று வைத்தால், அரியூர் நாட்டு மிளகு விவசாயிக்கு ஒரு பைசாவும் செலவாகாது. ஆயிரம் பதில் போடும் பாட்டுக்குத்தான் வலிக்கும். அழைப்பே இல்லாமல் முன்பின் தெரியாதவருக்குச் செய்தி அனுப்புவதற்கு மட்டும் கட்டணம் வைப்பதும் இதே வகை.

இரண்டு, கட்டணத்துக்குப் பதில் முன்வைப்புத் தொகை. ஆறு மாதம் ஒழுங்காக நடந்துகொண்டால் காசு திரும்ப வரும்; மோசடிக் கணக்கு என்று உறுதியானால் போய்விடும். நேர்மையானவருக்கு இறுதிச் செலவு பூஜ்யம். நிறுவனத்துக்கும் இதில் லாபம் பார்க்கும் ஆசை குறையும். ஆனால், தவறாக முடக்கப்பட்டவர் முறையிட நம்பகமான வழி இருக்க வேண்டும்.

மூன்று, காசு கட்ட முடியாதவருக்கு வேறு வாசல். செல்போன் எண்ணைக் கொண்டு விரும்பியவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியைப் பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. விருப்பத்தின் பேரில் என்பது இதில் முக்கியமான சொல். அடையாளம் காட்டுபவருக்கு ஒரு வழி, பெயர் மறைக்க வேண்டியவருக்குக் குறைந்த எண்ணிக்கை வரம்போடு இன்னொரு வழி என்று இரண்டும் இருக்கலாம்.

நான்கு, சிம் ஓட்டை கற்றுத்தந்த பாடம். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் மலிவாகத் தொடங்கலாம் என்றால், கணக்குக்கு ஒரு இலவச அளவு என்ற ஏற்பாடு நிற்காது. புதுக் கணக்கின் இலவச அளவு சிறியதாகத் தொடங்கி, நாளாக நாளாகக் கூட வேண்டும். அப்போதுதான் ஆயிரம் கணக்கு திறப்பதில் லாபம் இருக்காது.

இவை எதுவும் நிறுவனம் செய்ய வேண்டிய கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. போலியை ஒரே நாளில் பிடிக்கும் தளத்தில் ஒரு டாலர் பெரிய வேலி. ஓராண்டு விட்டுவைக்கும் தளத்தில் அது வெறும் வசூல்.

அதுவரை பயனர்களின் கையில் இருக்கும் வழிகள் சிலவே, ஆனால் உண்டு. தொல்லை தரும் எஸ்எம்எஸ், அழைப்புகளைப் பற்றி 1909 எண்ணில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி, மீட்பது கடினமாகிவிடும். நீலக் குறியீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கணக்கையும் நம்பிவிட வேண்டாம். அந்தக் குறியீடு, யாரோ ஒருவர் காசு கட்டியிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது.